வெளிநாட்டு நிதித் திட்டங்கள் நம் ஊருக்கு எப்படித் தேர்வாகின்றன? தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவத்திலிருந்து ஒரு விவாதம்

தருமபுரி பொருளியல் ஆசிரியர்:

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 பிப்ரவரி வரை ஒரே மாவட்டம். அந்தப் பழைய தருமபுரி மாவட்டத்தின் வாழ்க்கையை நேராகத் தொட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்கள் என்று இரண்டைச் சொல்லலாம். ஒன்று, ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. அமைப்பான ஐஃபாட், அதாவது பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம், அளித்த கடனுதவியோடு 1989-இல் நம் மாவட்டத்தில்தான் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம். மற்றொன்று, ஜப்பான் கடனில் ரூ.1,928.80 கோடி மதிப்பீட்டில் எடுத்துக்கொள்ளப்பட்டு, 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம். ஃபுளோரோசிஸ் என்பது குடிநீரில் ஃபுளோரைடு மிகுவதால் பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய்.

இரண்டும் தேவையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் மாணவர்கள் வகுப்பில் கேட்கும் கேள்வி வேறு. இவற்றைத் தேர்ந்தெடுத்தது யார்? பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ இருப்பவர்கள் கேட்டதால் வந்தனவா, சென்னையில் ஓர் அலுவலகம் எழுதியதால் வந்தனவா, டோக்கியோவும் ரோமும் கொடுக்க விரும்பியதால் வந்தனவா? உதவி கொடுக்கும் நாடுகளும் பெறும் நாடுகளும் சேர்ந்து ஏற்ற 2005-ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம், உதவி பெறும் நாடே தன் முன்னுரிமைகளைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை முதல் கொள்கையாக வைத்தது. அங்கே நாடு என்று சொல்லப்படுவது நடைமுறையில் தலைநகரமாகவே இருக்கிறது. தலைநகருக்கும் அஞ்செட்டிக்கும் இடையில் இருக்கும் தொலைவைப் பற்றி அந்தப் பிரகடனம் அதிகம் பேசவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன் கொடுப்பவரின் குழு காரில் வந்து இறங்கும் நாளில் தேர்வு நடப்பதில்லை. அதற்கு வெகுமுன்னர், துறை அலுவலகத்தில் முதல் அறிக்கை எழுதப்படும் மேசையிலேயே அது முடிந்துவிடுகிறது. ஊர் மக்கள் அந்த மேசைக்கு அருகில் இருப்பதில்லை. மற்றவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

கிருஷ்ணகிரி ஓய்வுபெற்ற பொறியாளர்:

ஐயா சொல்வது பெருமளவு சரி என்பதை நடைமுறையை விளக்கியே காட்டலாம்.

ஒரு மாநிலத் துறை தனக்கு வேண்டிய திட்டத்தைப் பற்றி முதல்நிலைத் திட்ட அறிக்கை ஒன்றைத் தயாரிக்கிறது. மாநில நிதித்துறை ஒப்புக்கொண்டால் அது டெல்லியில் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரங்கள் துறைக்குப் போகிறது. அங்கே தொடர்புடைய மத்திய அமைச்சகமும் நிதி ஆயோகும் கருத்துச் சொல்கின்றன; அதிகாரிகளின் தேர்வுக் குழு ஒன்று அமர்ந்து, இந்தத் திட்டத்தை உலக வங்கியிடம் வைப்பதா, ஆசிய வளர்ச்சி வங்கியிடம் வைப்பதா, ஜப்பான் அரசின் உதவி முகமையான ஜைக்காவிடம் வைப்பதா என்று முடிவு செய்கிறது. கடன் கொடுக்கும் நிறுவனம் அதன் பிறகுதான் தன் ஆட்களை அனுப்புகிறது. முதலில் உண்மை நிலை அறியும் குழு, பின்னர் மதிப்பீட்டுக் குழு. ஜப்பான் கடனாக இருந்தால் இரு அரசுகளும் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்ட பிறகு கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும். ஒகேனக்கல் திட்டத்தில் முதல் கட்டக் கடன் 2008 மார்ச்சில் கையெழுத்தானது, தொகை 2,238.7 கோடி யென். மறு ஆண்டு இரண்டாம் கட்டமாக 1,709.5 கோடி யென்.

இந்த வரிசையில் எந்தப் படியிலும் கேட்கப்படும் முதல் கேள்வி, திட்டம் தயாராக இருக்கிறதா என்பதே. நிலம் கையில் இருக்கிறதா, வனத்துறை அனுமதி கிடைக்குமா, விரிவான திட்ட அறிக்கை முடிந்ததா, செயல்படுத்தும் துறைக்கு இவ்வளவு பெரிய ஒப்பந்தப்புள்ளிகளைக் கையாண்ட அனுபவம் உண்டா என்று பார்ப்பார்கள். மிகவும் தேவையான திட்டம் எது என்ற கேள்வி, தயாராக இருக்கும் திட்டங்களுக்குள் மட்டுமே எழும். ஆகவே நல்ல அறிக்கை எழுதும் வலிமை உள்ள துறைக்குத் திட்டம் மீண்டும் மீண்டும் வரும். அந்த வலிமை இல்லாத துறைக்கு எத்தனை பெரிய தேவை இருந்தாலும் வராது. குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பொறியாளர்களும் நிலஅளவைப் படங்களும் ஊர் வாரியான நீர்ப் பரிசோதனை முடிவுகளும் இருந்தன. நம் பகுதியின் சிறு ஏரிகளுக்கு அப்படி ஒரு கோப்பு எங்கும் திரண்டிருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒகேனக்கல்லில் குடிநீர் எடுப்பது பற்றி 1998 ஜூன் மாதத்தில் மத்திய அரசின் முன்னிலையில் தமிழ்நாடும் கர்நாடகமும் உடன்பாட்டுக்கு வந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் ராஜஸ்தானின் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்திருந்தது; ஜப்பான் இந்தியாவுக்குப் புதிய கடன் வழங்குவதை நிறுத்தி வைத்தது; 2001-இல்தான் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. இத்திட்டத்தின் தாமதத்துக்கு அதுவே காரணம் என்று நான் வாதிடவில்லை. அதில் பல காரணங்கள் இருந்தன. அடிக்கல் நாட்டிய பிறகும் 2008 ஏப்ரலில், கர்நாடகத் தேர்தல் முடியும்வரை பணியைத் தள்ளிவைப்பதாக அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அறிவிக்க வேண்டியிருந்தது. பாலக்கோட்டில் ஒரு குழந்தையின் பல்லில் படியும் கறைக்குத் தீர்வு வரும் காலத்தைத் தீர்மானிப்பவற்றுள் ராஜஸ்தான் பாலைவனமும் பெங்களூரு வாக்குச்சாவடியும் கூட இருக்கின்றன என்பதையே சுட்டுகிறேன்.

மத்தூர் மாந்தோப்பு விவசாயி:

பொறியாளர் ஐயா நடைமுறையை ஒழுங்காகச் சொன்னார். ஆனால் கொடுப்பவரின் நலனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மலேசியாவில் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் 23 கோடியே 40 லட்சம் பவுண்டு உதவி கொடுத்தது. பொருளாதார நோக்கில் அந்த அணை வீண்செலவு என்று பிரிட்டனின் உதவித் துறை அதிகாரிகளே எழுதி வைத்திருந்தார்கள். இருந்தும், ஆயுத விற்பனைப் பேச்சோடு பின்னிக் கிடந்ததால் அது தேர்வானது. 1994-இல் லண்டன் நீதிமன்றம் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்த பிறகுதான் அங்கே சட்டமே மாறியது. கொடுக்கும் நாட்டின் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கிடைக்குமா, அந்நாட்டின் வெளியுறவுக்கு ஆதாயம் உண்டா என்ற கணக்கு இல்லாமல் எந்தப் பணமும் கடல் கடந்து வருவதில்லை. ஆசிரியர் ஐயா மேசை என்கிறார். அந்த மேசையில் எழுதுபவர், எதை எழுதினால் கொடுப்பவருக்குப் பிடிக்கும் என்பதை அறிந்துதானே எழுதுகிறார்?

காரிமங்கலம் மகளிர் குழுப் பயிற்றுநர்:

1989-இல் தொடங்கிய திட்டத்தைப் பற்றி நான் எழுதுவது பொருத்தமாக இருக்கும். என் பணி வாழ்க்கை முழுவதும் அதன் தொடர்ச்சியில்தான் கழிந்தது.

அந்தத் திட்டத்துக்குத் தருமபுரி தேர்வானதற்குக் காரணம் நம் பின்தங்கிய நிலைதான். 2011 கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரிதான். அன்று நிலைமை இன்னும் மோசம். பெண் குழந்தை பிறந்தால் என்ன நடக்கும் என்பதை இங்கே வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மானாவாரிக் கேழ்வரகும் சாமையும் பயிரிட்டு, கோடையில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் குடும்பங்கள்தான் பெரும்பான்மை. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் திட்டத்தை நடத்தியது. இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. மைராடா போன்ற தொண்டு நிறுவனங்கள் ஊர் ஊராகப் போய்க் குழுக்களை அமைத்தன. பிறகு சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும், அதன் பின் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் அது விரிந்தது. மாநில அரசின் மகளிர் திட்டம் இதன் அடித்தளத்தில்தான் எழுந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதன் வெற்றியை அல்ல. அந்த ஆரம்ப ஆண்டுகளில் மேலிடத்திலிருந்து வந்த பார்வையாளர்களுக்குக் காட்ட எங்களிடம் எதுவுமே இருந்ததில்லை. ஒரு குழு உருவாகி, வாராவாரம் சேமித்து, உள்கடன் கொடுத்து வாங்கி, குழுவை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதியும் கணக்கெழுதப் பழகி, வங்கிப் படியேறிப் பேசத் துணிவதற்கே நீண்ட காலம் ஆனது. கட்டடம் இல்லை, திறப்பு விழா இல்லை. இன்று ஒரு துறை அதே போன்ற மெதுவான திட்டத்தை முன்வைத்தால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற விழுக்காடு கேட்கும் முறையில் அது முதல் சுற்றிலேயே கழித்துக் கட்டப்படும் என்று அஞ்சுகிறேன். மத்தூர் அண்ணன் கொடுப்பவரின் நலன் என்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரோமில் இருப்பவர்களுக்குக் காரிமங்கலத்துப் பெண்களின் இருபது ரூபாய்ச் சேமிப்பால் என்ன ஆதாயம்? எண்ணிக் காட்ட முடிந்ததைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே ஆதாயக் கணக்கைவிடப் பெரிய தடை என்பது என் அனுபவம்.

பென்னாகரம் வாசகர்:

அக்கா சொன்னதோடு சேர்த்து ஒரு கேள்வி. எங்கள் பகுதியில் பெரியவர்கள் கேட்பது எப்போதும் ஏரி தூர்வாருதலும் வரத்துக் கால்வாயும்தான். அவை ஏன் இந்தப் பட்டியல்களில் ஏறுவதில்லை?

தருமபுரி பொருளியல் ஆசிரியர்:

ஏறியபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும், தம்பி. 1980-களில் சுவீடன் அரசின் உதவி அமைப்பான சிடாவின் நிதியில் தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் நடந்தது. ஏரிகளின் உள்வாய்ப் பகுதிகளில் கருவேலம் நட்டார்கள். நோக்கம் விறகுப் பற்றாக்குறையைப் போக்குவது. கணக்கு வைத்தது எத்தனை ஹெக்டேர் நடப்பட்டது என்று. ஏரி உள்வாய் என்பது தண்ணீர் வற்றிய மாதங்களில் ஆடு மாடு மேயும் இடம். வண்டல் எடுத்து வயலுக்கு அடிக்கும் இடம். நிலமற்றவர்களுக்கு அதுதான் மிஞ்சிய பொது நிலம். மேய்ப்பவரை அழைத்துக் கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கக்கூடிய செய்தி அது. காடு வளர்க்கத் தெரிந்த துறை எழுதிய அறிக்கையில் ஏரி என்பது மரம் நடுவதற்கான காலி நிலமாகத் தோன்றியது. நீர்ப்பாசனம் தெரிந்தவர் எழுதியிருந்தால் அதே இடம் கொள்ளளவாகத் தோன்றியிருக்கும். எந்தத் துறை எழுதுகிறதோ அந்தத் துறையின் கண்ணுக்குத் தெரிந்ததே நம் தேவையாகப் பதிவாகிறது.

கென்யாவின் துர்கானா ஏரிக் கரையில் நார்வே நாடு கட்டிய மீன் உறைநிலைத் தொழிற்சாலையும் இதே வகைதான். அங்கே வாழ்ந்தவர்கள் கால்நடை மேய்ப்பவர்கள். நார்வேக்குத் தெரிந்த தொழில் மீன்பிடிப்பு. 1980-களின் தொடக்கத்தில் கட்டிமுடிக்கப்பட்ட ஆலை, அந்த வெப்பத்தில் மீனை உறைய வைக்கும் செலவு மீனின் விலையையே விழுங்கியதால் சில நாட்கள் ஓடி நின்றது. இதில் தீய நோக்கம் எதுவும் இல்லை. கொடுத்தவர் தம்மிடம் இருந்த திறமையை எடுத்துப் போனார். எதிரில் இருந்தவரிடம் மாடு இருப்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கிருஷ்ணகிரி ஓய்வுபெற்ற பொறியாளர்:

தண்ணீரிலேயே இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு உண்டு. வங்கதேசத்தில் 1970-களிலிருந்து யூனிசெஃப் உதவியோடு குளத்து நீருக்கு மாற்றாகக் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறந்துகொண்டிருந்த காலம். கிருமி இல்லாத நீர் வேண்டும் என்ற முடிவு அன்றைக்கு நியாயமானது. கிருமிக்குப் பரிசோதித்தார்கள், ஆர்செனிக்குக்குப் பரிசோதிக்கவில்லை. 1990-களில்தான் கோடிக்கணக்கானோர் குடித்துக்கொண்டிருப்பது நஞ்சு என்று வெளிப்பட்டது.

நம் கதை அதற்குத் தொலைவில் இல்லை. 1967 வறட்சியின்போது கடினப் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை யூனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதன் பின் இந்தியா மார்க்-2 கைப்பம்பு வந்தது. அதைச் சோதித்துப் பார்த்தது நம் கோயம்புத்தூர்ப் பகுதியில்தான். அந்தத் தொழில்நுட்பம் தாகத்தைத் தீர்த்தது என்பதை நன்றியோடு சொல்வேன். ஆனால் தருமபுரி மாவட்டத்தின் பாறையில் ஃபுளோரைடு இருக்கிறது. திறந்த கிணற்றிலிருந்து ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறிய ஊர்கள், பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீரைக் குடிக்கத் தொடங்கின. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் முதலில் பல்லில் காவிக் கறை, அளவு கூடி ஆண்டுகள் செல்லும்போது மூட்டும் முதுகெலும்பும் விறைப்பு. ஒரு காலத்தின் தீர்வு அடுத்த காலத்தின் திட்டத்துக்குக் காரணமாகிறது. ஆகையால் எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும், இது எதைத் தீர்க்கிறது என்று கேட்பதோடு, இது நிலத்தடியில் எதைத் தொடுகிறது என்று கேட்கும் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்தச் செய்தி உள்ளூர்க் கிணறு வெட்டுபவரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் முதலில் இருக்கும்.

ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு இருப்பதும், குழாய்ப் பணியோடு விழிப்புணர்வுப் பணியையும் சேர்த்ததும் நல்ல தேர்வு என்றே கருதுகிறேன். காவிரி நீரையும் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்துவிட்டால் செலவழித்த பணத்தின் பாதி நோக்கம் அங்கேயே கரைந்துவிடும். அதைத் தடுப்பது குழாய் அன்று. தொட்டி இயக்குபவரும் ஊராட்சியும்தான்.

ஓசூர் தணிக்கையாளர்:

யார் திருப்பிச் செலுத்துகிறார்கள் என்பதை இதுவரை யாரும் தொடவில்லை. உதவி என்ற சொல்லால் நாம் இதை இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. ஐஃபாட் கொடுத்ததும் கடன், ஜப்பான் கொடுத்ததும் கடன். குறைந்த வட்டி, நீண்ட தவணை என்பது உண்மை.

2005 ஏப்ரலுக்கு முன், மத்திய அரசு வெளிநாட்டுக் கடனை வாங்கித் தன் விதிகளின்படி ரூபாயில் மாநிலங்களுக்குக் கொடுத்தது. நாணய மதிப்பு மாறினால் இழப்பு மத்திய அரசுடையது. 12-ஆவது நிதிக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்குக் கடன் அதே நிபந்தனைகளோடு அப்படியே கைமாற்றப்படுகிறது. யென் ஏறினால் மாநிலம்தான் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2008 தொடக்கத்தில் 100 யென் ஏறக்குறைய ரூ.40, 2012-இல் அது ரூ.60-ஐத் தாண்டியது. ரூபாய்க் கணக்கில் வட்டியின் மலிவை நாணய மாற்று விழுங்கிவிடக்கூடும் என்பதை, திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய கவலை பராமரிப்பு. கட்டுமானத்துக்குக் கடன் கிடைக்கும். நீரேற்று நிலையத்தின் மின்கட்டணத்துக்கும், உடைந்த வால்வை மாற்றுவதற்கும், தொட்டி இயக்குபவரின் ஊதியத்துக்கும் எந்த வெளிநாடும் கொடுக்காது. கடன் கொடுப்பவர்களின் மதிப்பீட்டு அறிக்கைகளில் பராமரிப்பு என்று ஒரு பத்தி இருக்கும். உள்ளாட்சி அமைப்புகள் அதை ஏற்கும் என்று எழுதியிருக்கும். ஏற்பதற்கு ஊராட்சியிடம் வருவாய் இருக்கிறதா என்ற கேள்வி பெரும்பாலும் அந்தப் பத்திக்கு வெளியே நிற்கும்.

மத்தூர் மாந்தோப்பு விவசாயி:

தணிக்கையாளர் சொன்ன பிறகு என் வாதம் இன்னும் உறுதிப்படுகிறது. கடனைக் கட்டுவதும் நாம், பராமரிப்பதும் நாம், ஆனால் தேர்ந்தெடுப்பது மட்டும் நாம் இல்லை. அப்படியானால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையாவது இருக்க வேண்டாமா? 2003-இல் மத்திய அரசு, சில பெரிய நாடுகளிடமிருந்து மட்டும் நேரடி உதவி பெறுவோம் என்று அறிவித்துச் சிறிய நாடுகளின் உதவியை நிறுத்தியது. டெல்லியால் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. சர்தார் சரோவர் அணைக்காக உலக வங்கி 1985-இல் ஒப்புக்கொண்ட 45 கோடி டாலர் கடனில் மீதியை 1993-இல் இந்தியாவே வேண்டாம் என்றது. அதற்கு முன் நர்மதைக் கரை மக்கள் எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது! அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் உலக வங்கி 1993-இல் மக்களின் முறையீட்டைக் கேட்கும் ஆய்வுக் குழுவையே அமைத்தது.

தருமபுரி பொருளியல் ஆசிரியர்:

அதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன் ஐயா. ஆனால் நர்மதையில் மக்கள் குரல் கேட்டது, கடன் கையெழுத்தான பிறகு, வீடு மூழ்கும் நிலை வந்த பிறகு. அந்த விலையைக் கொடுக்காமல் முன்னதாகவே பேச வழி உண்டா என்பதே நான் தேடுவது. ஒகேனக்கல் திட்டத்தின் அடுத்த கட்டம் பற்றிப் பேச்சு நடக்கும் இந்தக் காலத்தில் இது வெறும் வகுப்பறைக் கேள்வி இல்லை. பொறியாளர் ஐயா, ஓர் ஊர் தன் தேவையை அந்த முதல் அறிக்கைக்குள் கொண்டுபோக நடைமுறையில் என்ன செய்யலாம்?

கிருஷ்ணகிரி ஓய்வுபெற்ற பொறியாளர்:

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. துறை அலுவலகத்தில் அறிக்கை எழுதும் இளம் பொறியாளருக்கு நேரம் குறைவு. கையில் கிடைக்கும் தரவை எடுத்துக்கொள்வார். அந்தத் தரவு ஊரிலிருந்து, அவர் பயன்படுத்தக்கூடிய வடிவில் வந்தால் அதை ஒதுக்க அவருக்குக் காரணம் இல்லை. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தண்ணீர் வேண்டும் என்று பொதுவாக எழுதிய தீர்மானம் கோப்பில் உறங்கும். எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை நீர் வருகிறது, எந்தக் கிணற்றில் ஃபுளோரைடு எவ்வளவு, ஏரியின் எந்த மதகு உடைந்திருக்கிறது, சரிசெய்தால் எத்தனை ஏக்கர் பாயும் என்று எழுதிய தீர்மானத்தை வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக மாவட்ட ஆட்சியருக்கும் துறையின் செயற்பொறியாளருக்கும் அனுப்புங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எங்கள் ஒன்றியத்துக்காக முதல்நிலைத் திட்ட அறிக்கை ஏதேனும் தயாராகிறதா, அதில் எங்கள் தீர்மானம் சேர்ந்ததா என்று கேளுங்கள். கடன் கையெழுத்தாகும் முன் கேட்க வேண்டும்.

காரிமங்கலம் மகளிர் குழுப் பயிற்றுநர்:

ஃபுளோரைடு அளவைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஃபுளோரைடுச் சோதனையும் அடங்கும். எங்கள் குழுப் பெண்கள் சேமிப்புப் பேரேடு எழுதிப் பழகியவர்கள். கிணறு வாரியாக, மாதம் வாரியாக இந்த அளவுகளை எழுதுவது அவர்களுக்குக் கடினம் இல்லை. பெட்டி ஊராட்சி அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கிறதா, யாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதை அவரவர் ஊரில் முதலில் கேட்டு அறியுங்கள்.

பென்னாகரம் வாசகர்:

அடுத்த கிராம சபைக்கு முன் எங்கள் ஊரில் கேட்டு எழுதுகிறேன், அக்கா. ஏரியின் மதகுகளையும் வரத்துக் கால்வாயையும் அளந்து குறிக்கும்போது எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்று பொறியாளர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

கிருஷ்ணகிரி ஓய்வுபெற்ற பொறியாளர்:

தனிப் படிவம் தேவையில்லை, தம்பி. ஏரியின் பெயர், புல எண், ஆயக்கட்டு ஏக்கர், கரையின் நீளம், மதகுகளின் எண்ணிக்கையும் நிலையும், கலிங்கு இருக்கும் இடம், வரத்துக் கால்வாய் எந்த ஓடையிலிருந்து தொடங்கி எந்தெந்தப் புல எண்களில் அடைபட்டிருக்கிறது, உள்வாயை இப்போது யார் எதற்காகப் பயன்படுத்துகிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தின் நகலை இணைத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேய்ப்பவர்களின் பெயர் தெரியாவிட்டாலும் எத்தனை குடும்பங்கள் என்றாவது அதில் இருக்க வேண்டும்.